வெற்றுக் கையெழுத்தும் உளுந்தூர்பேட்டை வாசலில் நின்ற வேனும்

கண்ணு,

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம் என்று நீ போனில் சொன்னாய். "சாப்டியாடா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். பக்கத்தில் அந்தப் பெண்ணும் சிரித்தது கேட்டது. உன்னோடு வேலை செய்கிறவள், உன்னைவிடத் தைரியசாலி, தமிழ் தெரியாவிட்டாலும் 'அம்மா' என்று மட்டும் சுத்தமாகச் சொல்வாள் என்றாயே, அவள்தான். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். உங்கள் அப்பா படத்துக்கு முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வதென்று தோன்றாமல், மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடியும் மடித்தேன். நீ இருக்கிற நாட்டுக்கு வர எனக்கு விசா கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் தேதியைத் தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்று சொன்னது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் மகனைத் தனியாக உட்கார வைத்துத் தாய் சொல்ல வேண்டிய சங்கதிகள் சில இருக்கின்றன. போனில் நீ அவசரத்தில் இருக்கிறாய்; நானும் மழை பெய்ததா, கேஸ் வந்ததா என்று எதையாவது பேசி வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. யார் கண்ணுக்கும் படாத வேலையைப் பார்க்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்போது நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். பிள்ளை அறைக்குள் என்ன செய்கிறான் என்று தெரியாமல் கதவுக்கு வெளியே காபி டம்ளரோடு நிற்கிறவர்கள். அவர்களுக்கும் இது ஆகட்டும்.

உளுந்தூர்பேட்டை விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன். படிப்பதை இங்கேயே நிறுத்திவிடாதே. "அந்தப் பேச்ச எடுக்காதமா" என்று ஒரு தடவை சொன்னாய். இத்தனை வருஷம் எடுக்கவில்லை. அங்கே உனக்கு நிச்சயம் செய்யப் போன பெண்ணின் பெயரை மட்டும் மாற்றி மதி என்று எழுதுகிறேன். அவளுக்கென்று இப்போது ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அப்போது நீ சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். அது போக, சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உனக்கு இருந்தது. கணினிகளுக்கு இடையே போகும் செய்திகளைப் பூட்டி அனுப்பவும், அனுப்பியவர் உண்மையான ஆள்தானா என்று கையெழுத்தைச் சரிபார்க்கவும் உதவுகிற நிரல் தொகுப்பு அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பாய். உலகத்தில் எங்கெங்கோ வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டது நீயும், நீ நேரில் கண்டேயிராத வேறு இரண்டு பேரும்தான். லீவுக்கு வந்தாலும் லேப்டாப்பும் கையுமாகத்தான் இருப்பாய். "சம்பளம் இல்லன்னா இன்னாத்துக்குடா கண்ணக் கெடுத்துக்கற?" என்று கேட்டால், "யாராவது பாக்கணும்ல மா" என்பாய். அந்தப் பதில் எனக்குப் புரிந்தது. கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் நான் ஒற்றை நர்ஸாக இருந்த காலத்தில் என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மதியின் அப்பா உளுந்தூர்பேட்டை பைபாஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். லாரி ஓட்டிய காலத்தில் உங்கள் அப்பா அங்கே வண்டியை நிறுத்திச் சாப்பிடுவார். அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம் அது. மதி பி.எட். முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் போன் செய்தால் நீ மொட்டை மாடிக்குப் போய்விடுவாய். கீழே இறங்கி வரும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்பா போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டில். வியாழக்கிழமையே உன் மாமா குடும்பத்தோடு வந்துவிட்டார். வீடு நிறைய சத்தம். நீ அறையிலிருந்து வெளியே வந்தபோது உன் முகத்தில் இரத்தமே இல்லை. நோயாளிகளின் முகம் பார்த்துப் பழகியவள் நான். காய்ச்சலா என்று கழுத்தில் கைவைத்துப் பார்த்தேன்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒன்னும் இல்லமா. அவசரமா ஒரு வேல வந்துடுச்சி. யாரும் இல்லாத எடமா வேணும். நெட்டு மட்டும் கெடைக்கணும்."

"எம்மாம் நேரத்துக்கு?"

"ரெண்டு நாள் ஆவும். இன்னா வேலன்னு மட்டும் கேக்காதமா."

நான் கேட்கவில்லை. "நிச்சயத்த வச்சிக்கினு எங்க போறான் இவன்?" என்று மாமா சத்தம் போட்டபோது, "மலைல என்கூட வேல பாத்தவங்களுக்குச் சொல்லணும்ணா. நான்தான் இட்டுக்கினு போறேன்" என்று சொல்லி உன்னோடு கரியாலூருக்கு பஸ் ஏறினேன். என்னோடு வேலை பார்த்த சகுந்தலா ஊரில் இல்லை. பக்கத்து வீட்டில் சாவி வாங்கி அவள் வீட்டிலேயே தங்கினோம். செல்போன் டவர் அந்தத் தெரு முனையிலேயே இருந்தது உனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த இரண்டு நாளும் மலையில் மழை விடவே இல்லை. நீ உள்ளறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாய். நடுநடுவே யாரோ ஒரு பெண்ணோடு ஆங்கிலத்தில் பேசினாய். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தேன். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிட்டாய். ஒரு தடவை வெளியே வந்து மழையைப் பார்த்தபடி நின்றாய். "மா, உன் கையெழுத்து இருக்குதுன்னு ஒரு காகிதத்த நீட்டனா, அத நம்பித்தான மருந்து குடுப்பாங்க?" என்று கேட்டாய். "ஆமா, இன்னா இப்ப?" என்றேன். நீ வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டு, உள்ளே போய்விட்டாய். பிள்ளைக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, அவனுக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமல் இருப்பது எப்படிப்பட்டதென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். மலையில் எத்தனையோ நாள் தனியாக இருந்திருக்கிறேன். இது அதைவிடத் தனிமையாக இருந்தது.

நடந்தது என்ன என்று நீ பிறகு எனக்குச் சொன்னாய். புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். கணினியில் போடும் கையெழுத்து பேனாவால் போடுவது அல்ல, இரண்டு பெரிய எண்கள். அந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் 'கையெழுத்து சரி' என்று உங்கள் நிரல் சொல்லும். அந்த இரண்டு எண்களும் வெறும் சைபராக இருந்தால் கணக்கின் இரண்டு பக்கமும் சைபராகிவிடும். சைபரும் சைபரும் ஒன்றுதானே, அதனால் 'சரி' என்று சொல்லிவிடும். அப்படி வந்தால் கணக்கே போடாமல் தள்ளிவிட வேண்டும் என்று முதலில் ஒரு வரி இருந்திருக்கிறது. நிரலை வேகப்படுத்துவதற்காக நீ அந்தப் பகுதியைத் திருத்தி எழுதியபோது அந்த வரி விடுபட்டுவிட்டது. அன்றிலிருந்து, யார் பெயரில் வேண்டுமானாலும் ஒன்றுமே போடாத கையெழுத்தோடு எதை அனுப்பினாலும் அது உண்மையென்று ஆகியிருக்கிறது. வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லலாம். ஆஸ்பத்திரி இயந்திரத்துக்கு உத்தரவு கொடுக்கலாம். நல்ல கையெழுத்தை ஏற்கிறதா என்று சோதித்திருக்கிறீர்கள். திருத்திய கையெழுத்தைத் தள்ளுகிறதா என்றும் சோதித்திருக்கிறீர்கள். வெற்றுக் கையெழுத்தைக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எங்கோ வெளிநாட்டில் ஒரு பெண் அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டாள். நல்லவள். ஊரைக் கூட்டாமல் உங்கள் மூன்று பேருக்கு மட்டும் எழுதினாள். திருத்தம் வெளிவந்து, எல்லோரும் அதைப் போட்டுக்கொள்ளும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது உங்கள் தொழிலில் உள்ள கட்டுப்பாடு. முன்கூட்டியே தெரிந்தால் திருடன் முந்திக்கொள்வான். அடுத்த வாரம் வெளியிடுவதாக நாள் குறித்தீர்கள். அதற்குள் நிச்சயம் முடிந்துவிடும் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். சனிக்கிழமை கீழே இறங்கி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். நீ அப்படித் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் எல்லோரும் பாட்டும் பேச்சுமாக வந்துகொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை நெருங்கும்போது உன் போன் அடித்தது. அதில் ஒரு பெண் பேசுவது முன் சீட்டில் இருந்த மாமாவுக்கும் கேட்டது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு என் காதருகில் குனிந்து, "மா, விஷயம் கசிஞ்சிடும்போல இருக்குது. இப்பவே வெளியிடணும். என்னாலதான் முடியும்" என்றாய். மற்ற இருவரில் ஒருவர் விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். இன்னொருவருக்கு வெளியிடும் உரிமை கிடையாது. புதுப் பதிப்பு உண்மையானது என்று கையெழுத்துப் போட வேண்டிய சாவி உன் லேப்டாப்பில் மட்டும் இருந்தது.

வேன் அவர்கள் வாசலில் நின்றது. மேளக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நீ இறங்கவில்லை. வேட்டி சட்டையோடு பின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்துகொண்டாய். "இன்னாப்பா இது, எறங்கு!" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார். "மாமா, கொஞ்ச நேரம். ப்ளீஸ் மாமா." நான் வேன் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். யாராவது வந்தால், "இதோ வந்துருவான், இதோ வந்துருவான்" என்று சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு சிரிக்காமல் போனார்கள். மேளச் சத்தம் நின்றது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று உள்ளேயிருந்து ஆள் மேல் ஆள் வந்தது.

கடைசியில் மதியே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நிச்சயத்தன்று பெண் வாசலுக்கு வருவதென்றால் எவ்வளவு பேர் வாயில் விழ வேண்டும்! அவள் வந்தாள். என்னைப் பார்த்து, "அத்த, கொஞ்சம் நகருங்க" என்றாள். நகர்ந்தேன்.

"இன்னாங்க ஆச்சு? என்கிட்ட மட்டும் சொல்லுங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

நீ அவளைப் பார்த்தாய். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தப் போன்ல பேசனது யாரு? பொண்ணுன்னு உங்க மாமா சொல்றாரு."

திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. உன் பார்வை அங்கே போயிற்று. அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போனாள். போகும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நீ வேலையை முடித்துவிட்டு உள்ளே போனபோது பாயைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். மதியின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "இன்னா வேல தம்பி அது? எங்க தலையெல்லாம் குனிஞ்சி கெடக்குது. ஒரு வார்த்த சொன்னா நான் சபைல சொல்லிக்குவேன்." நீ தலையைக் குனிந்து நின்றாய். திருத்தம் வெளியே போயிருந்தது. ஆனால் எதைத் திருத்தினோம் என்று இன்னும் சொல்லக்கூடாத நேரம் அது. "சொல்ல முடியாதுங்க" என்று அதைக்கூட அவருக்குக் கேட்காத குரலில் சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தட்ட எடுத்துக்கினு போய்டுங்க. உங்க வூட்டுக்காரர் மேல எனக்கு இருக்கற மரியாதைக்கு இதுக்கு மேல பேச வேணாம்." வாழைப்பழமும் வெற்றிலையும் புடவையும் போன வழியே வேனில் ஏறின. திரும்பி வரும் வழியில், தியாகதுருகம் தாண்டும்போது உன் சித்தி மூக்கை உறிஞ்சினாள்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் எல்லாவற்றையும் ஓர் அறிக்கையாக வெளியே சொன்னீர்கள். அந்த அறிக்கையில், இந்த வரியை விட்டது நான்தான் என்று உன் பெயரைப் போட்டு நீயே எழுதினாய். யாரும் கேட்காமலே எழுதினாய். அதைப் படித்துவிட்டு முகம் தெரியாதவர்கள் எல்லாம் உன்னைத் திட்டினார்கள். முட்டாள் என்றார்கள். வேண்டுமென்றே செய்தான் என்றார்கள். யாரிடம் காசு வாங்கினாய் என்று கேட்டார்கள். இத்தனை காலம் அந்த நிரலை இலவசமாக வாங்கி வைத்துக்கொண்டவர்களில் ஒருத்தராவது முன்பே திறந்து பார்த்திருக்கலாம் அல்லவா? குறை கண்டுபிடித்த அந்தப் பெண் மட்டும், நீ வேகமாகவும் நேர்மையாகவும் நடந்துகொண்டாய் என்று எழுதியிருந்தாள். அதை எனக்குத் தமிழில் சொன்னாய். அன்றைக்குத்தான் நீ அழுதாய். அழுது முடித்துச் சென்னைக்குப் போனாய். கொஞ்ச நாளில் அங்கிருந்து கடல் தாண்டிப் போய்விட்டாய்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாத பகுதி. நீ போன பிறகு மதியின் அப்பா எனக்குப் போன் செய்தார். அவர் தங்கை மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன் விஷயத்தைக் கேள்விப்பட்டு அவரிடம் சொல்லியிருக்கிறான். "புள்ளய தப்பா நெனச்சிட்டோம் தங்கச்சி. பெரிய காரியம் பண்ணிக்கினு இருந்திருக்கான். நம்ப மறுபடி பேசலாமா?" என்றார். உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய். அதனால் நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். மதி எனக்குச் சாப்பாடு போட்டாள். அவர்கள் எல்லோரும் எழுந்து போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வேணாங்க அத்த" என்றாள்.

"அவன் மேல தப்பில்லம்மா. அது ரகசியம். சொல்லக்கூடாதாம்."

"தெரியுங்க அத்த. இப்பதான் எல்லாம் தெரியுதே. ரகசியத்த நான் கேக்கல. 'ஒரு வேல, இப்ப சொல்ல முடியாது, அப்பால சொல்றேன், என்ன நம்பு'ன்னு சொல்லியிருந்தா போதுங்க. நான் உள்ள போய் எங்கப்பாவ சமாளிச்சிருப்பேன். வேன் பக்கத்துலயே நின்னிருப்பேன். அவரு ஒன்னுமே சொல்லாம என்ன பாத்துக்கினு இருந்தாரு. நாளைக்கு ஒரு கஷ்டம்னாலும் அப்படித்தான பாத்துக்கினு இருப்பாரு? நான் கதவுக்கு வெளியவே நின்னுக்கினு இருக்கணுமா?"

அவள் சொன்னதில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. குழம்புப் பாத்திரத்தை மூடி வைத்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கதவுக்கு வெளியே நான் ஏற்கெனவே நின்றிருக்கிறேன். உன் அப்பா லாரி ஓட்டும்போது மலைப்பாதையில் ஒரு தடவை பிரேக் பிடிக்கவில்லை. பாறைப் பக்கமாக வண்டியைத் தேய்த்து நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "டயர் பஞ்சர், லேட்டாயிடுச்சி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். உன் அப்பா இறந்த பிறகு, கூடப் போன கிளீனர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பயந்த மனுஷனுக்குப் பக்கத்தில் பயம் தெரியாமல் நான் தூங்கியிருக்கிறேன். என்னைக் கலங்கவைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். உனக்கும் அதே ரத்தம். நல்ல எண்ணத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறீர்கள். ஆனால் பக்கத்தில் இருக்கிறவளுக்கு அந்த எண்ணம் தெரிவதில்லை. மூடிய வாய்தான் தெரிகிறது.

அன்றைக்கு உன் வாயை மூடியது ரகசியம் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தப்பு உன்னுடையது என்ற வெட்கமும் சேர்ந்து மூடியிருக்கிறது. அந்த வெட்கம் வேண்டாம் கண்ணு. நீ ஒருத்தனாக எழுதி, நீ ஒருத்தனாகப் பார்த்து, சரி என்று நீ ஒருத்தனாகச் சொன்ன வேலை அது. மலையில் நான் ஊசி போடும் முன்னால் மருந்துக் குப்பியை அங்கே இருக்கிற யாரிடமாவது நீட்டி வாசிக்கச் சொல்வேன். படிக்கத் தெரியாதவர்கள் என்றால் மூடி என்ன நிறம் என்று சொல்லச் சொல்வேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. களைத்த கண் தான் பார்க்க நினைத்ததைத்தான் பார்க்கும். இப்போது உங்கள் தொகுப்பில் இன்னொருவர் வாசித்துச் சரி சொல்லாமல் எந்த வரியும் சேர்வதில்லை என்றாய். அந்த இன்னொருவர்தான் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்றும் சொன்னாய். உன் வரிகளில் அவள் குறை கண்டுபிடித்தபோது உனக்குக் கோபம் வந்ததாம், மறுநாள் பிடித்துப்போனதாம். அதைக் கேட்டுத்தான் நான் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அவளிடமும் உன்னால் சொல்ல முடியாத விஷயங்கள் வரும். உன் தொழில் அப்படி. சொல்லாதே. ஆனால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது என்பதைச் சொல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல். தப்புச் செய்தால் அறிக்கையில் எழுதும் முன்னால் அவளிடம் சொல். உலகத்துக்கு முன்னால் நிற்க உனக்குத் தைரியம் இருக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற ஒரே ஒருத்திக்கு முன்னால் நிற்கத்தான் உனக்குக் கால் நடுங்குகிறது. மதி கல்யாணமாகிச் சேலத்தில் இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. கோயிலில் பார்த்தபோது, "அவரு நல்லா இருக்காருங்களா அத்த?" என்று கேட்டாள். நல்லா இருக்கான் என்று சொன்னேன். நீ மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. அவளும் வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விட்டால் நியாயமில்லை. தெருவில் எல்லோரிடமும் உன் கல்யாணத்துக்கு ஃபிளைட் ஏறப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். விசா வராது என்று தெரிந்த பிறகும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ராணி எனக்காக ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாள். "குளுரு ஜாஸ்தியாம்கா, போட்டுக்கோங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். பெற்றவள் இல்லாமல் பிள்ளைக்குக் கல்யாணம் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு எங்கேயாவது போய் இருந்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். அப்படிப் போனால், உன் கல்யாணத்தைப் போனில் நான் ஒருத்தியாகப் பார்த்து, நான் ஒருத்தியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

ராணி இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்னால் அவளிடம் நானே சொல்லிவிட வேண்டும். விளக்கு வைத்துவிட்டு எழுந்து போகிறேன். அவள் வீட்டில் எல்லோரும் இருக்கிற நேரம் இது. என்ன சொல்வதென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தும்விட்டேன். "என் புள்ளைக்குக் கல்யாணம் ராணி. என்னால போவ முடியல. அன்னிக்கு நீங்கள்லாம் எங்க வூட்டுக்கு வந்து என்கூட ஒக்காந்து பாருங்க."

அம்மா